பொறியின் நோயும் குறை நாடும் முறையும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



'கணிப்பொறி வேலை செய்யவில்லை' என்பது ஒரு நோயின் பெயரன்று, வெறும் முறையீடு. வயிறு நோகிறது என்று வருவாரிடம் மருத்துவர், எவ்விடத்தில் நோகிறது, எந்நாள் முதல் நோகிறது, உண்ணுமுன்னா உண்டபின்னா என்று வினவாது மருந்தெழுதார். கணிப்பொறிக்கோ அவ்வினாக்களுள் ஒன்றேனும் எழுப்பப்படுவதில்லை. திரை இருண்டது, உடனே பொறி பையில் இடப்பட்டுக் கடைக்குச் செல்கிறது, கடையிலிருப்பவர் 'போர்டு போய்விட்டது' என்கிறார், அவ்வொரு தொடருக்குப் பல்லாயிரம் உருபா விலையாகிறது. போனது பலகைதானா என்று கேட்கும் துணிவுடையார் மிகச் சிலர். பல வேளைகளில் போனது பலகையன்று. நெகிழ்ந்துபோன ஒரு செருகு, தீர்ந்துபோன ஒரு சிறு மின்கலம், தூசடைந்த ஒரு விசிறி, அல்லது பொறிக்கும் அதன் உறுப்புக்கும் இடைநின்று பேசும் ஒரு சிறு மென்பொருள், இவற்றுள் ஒன்றே குறைக்குக் கரணியமாய் இருந்திருக்கும்.

இடைநிற்கும் அம்மென்பொருளுக்குத் தமிழில் இயக்கி என்று பெயர். கடைத்தெருவில் அதனை டிரைவர் என்பர். வண்டி ஓட்டுவானுக்கும் அதே சொல்லாகலின், புதிதாய்க் கேட்பார்க்கு அச்சொல் எதனையும் விளக்குவதில்லை. இயக்கியின் வேலை இருமொழியாளன் வேலை. 'இப்பக்கத்தை அச்சிடு' என்று இயங்குதளம் பொதுப்படச் சொல்லும். ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் உள்ளே வழங்கும் ஆணைமொழி வேறு. அப்பொதுவாணையை அவ்வப்பொறியின் மொழியில் பெயர்த்துச் சொல்வதும், 'தாள் தீர்ந்தது' என்று பொறி திருப்பிச் சொல்வதை இயங்குதளத்திற்கு உணர்த்துவதும் இயக்கியின் கடன். இருமொழியாளன் இல்லையேல் இருவரும் ஊமையர்; அவன் பிழைபடப் பெயர்ப்பின், இருவரும் நலமாயிருந்தும் பூசல் விளையும். ஆகலின் அச்சுப்பொறி அச்சிடவில்லை என்றவுடன் அச்சுப்பொறியைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. பேச்சு எவ்விடத்தில் அறுந்தது என்பதே முதல் வினா.

குறை நாடுவார்க்கு முதற்கருவி திருப்புளியன்று; பகுத்துப் பார்க்கும் முறையே. சுவர்ச் செருகுவாய், மின்வடம், மின்வழங்கி, தாய்ப்பலகை, செயலி, நினைவகம், வன்தட்டு, இயங்குதளம், இயக்கி, திரை என்று கண்ணி கண்ணியாய் ஒரு நீண்ட தொடர் செல்கிறது. ஒரு கோடியிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்துவரின் பொழுதும் போம், பொறுமையும் போம். நடுவில் ஓரிடத்தில் நின்று, குறை இப்புறத்ததா அப்புறத்ததா என்று மட்டும் தெளிந்தால், ஒரே ஆய்வில் பாதித் தொடர் குற்றமற்றதென விலக்கப்படும். எஞ்சிய பாதியை மீண்டும் அவ்வாறே பகுக்க. பதினாறு கண்ணியுள்ள தொடரிலும் நான்கே ஆய்வில் குறையுள்ள கண்ணி அகப்படும்.

எடுத்துக்காட்டொன்று காண்க. மடிக்கணினியில் விளக்கு எரிகிறது. விசிறி சுழலும் ஒலியும் கேட்கிறது. திரை மட்டும் இருள். வீட்டுத் தொலைக்காட்சியோடு அதனை ஒரு வடத்தால் இணைக்க (எச்.டி.எம்.ஐ. என்று கேட்டால் கடையில் அவ்வடம் கிடைக்கும்). தொலைக்காட்சியில் படம் தோன்றுமாயின், பலகை, செயலி, நினைவகம், இயங்குதளம் அனைத்தும் நலம். குறை அப்பொறியின் திரையிலோ திரைக்குச் செல்லும் மெல்லிய வடத்திலோதான் உள்ளது. இனி, கைவிளக்கு ஒன்றைத் திரைமேற் சாய்வாய்ப் பிடித்துக் கூர்ந்து நோக்குக. படம் மங்கலாய்த் தென்படின் திரையும் இறக்கவில்லை. அதன் பின்னொளி மட்டுமே அணைந்தது. இருபது மணித்துளியில், ஒரு திருகாணியும் கழற்றாமல், இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. 'போர்டு போய்விட்டது' என்பாரிடம் இம்முடிவைச் சொன்ன அளவில் பேச்சின் போக்கே மாறும்.

அச்சுப்பொறிக்கும் இதே முறை. பெரும்பாலான அச்சுப்பொறிகள், கணிப்பொறியோடு இணையாமலே, தம்மீதுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஆய்வுத்தாள் ஒன்றை அச்சிட்டுத் தரும். தாள் செவ்வனே வெளிவந்தால் மை, உருளை, மின்சுற்று யாவும் குற்றமற்றவை. எஞ்சுவன வடமும் இயக்கியும் அச்சு வரிசையுமே. அவற்றுள் வடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யு.எசு.பி. வடத்தின் பழைய வகையில் உள்ளே நான்கு கம்பிகள். இரண்டு மின்னுக்கு, இரண்டு செய்திக்கு. மின்னேற்றத்திற்கென்றே விற்கும் மலிவான வடங்கள் சிலவற்றில் செய்திக் கம்பிகள் இரண்டும் இரா. கருவியில் விளக்கெரியும், கணிப்பொறிக்கோ அது கண்ணிலேயே படாது. இயக்கியை நான்கு முறை அழித்து நான்கு முறை நிறுவி நொந்தவர் பலர். அவருட் சிலர் வடத்தை ஒருமுறையும் மாற்றிப் பார்த்திரார்.

இரண்டாவது நெறி, ஒருமுறைக்கு ஒன்றே மாற்றுதல். வடத்தையும் மாற்றி, இயக்கியையும் புதுக்கி, நினைவகத்தையும் கழற்றி மாட்டியபின் பொறி எழுந்ததாயின், எது மருந்து என்பது எக்காலும் தெரியாது. அதே நோய் மறுதிங்கள் வரும்போது மீண்டும் மூன்றையும் செய்யவேண்டும்.

மூன்றாவது, எழுதி வைத்தல். 1947ஆம் ஆண்டு செபுதம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்கு 2 என்னும் கணிப்பொறி பிழைபட்டது. ஓர் அறையையே அடைத்து நின்ற அப்பொறியில், மின்னிணைப்பைத் திறந்தும் மூடியும் கணிக்கும் உறுப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பணியாளர் ஆய்ந்துசென்று 70ஆம் எண்ணுள்ள உறுப்பின் இடையே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடப்பதைக் கண்டனர். அதனை எடுத்து எறிந்துவிட்டிருப்பின் செய்தி அன்றே மறைந்திருக்கும். அவர்களோ பூச்சியை அன்றைய குறிப்பேட்டில் ஒட்டி, பொழுதும் உறுப்பின் எண்ணும் குறித்து வைத்தனர். அக்குறிப்பேடு இன்றும் வாசிங்டன் அருங்காட்சியகத்தில் பூச்சியோடு உள்ளது. பொறிப்பிழையைப் பூச்சி என்னும் ஆங்கில வழக்கு இந்நிகழ்ச்சியிற் பிறந்ததெனப் பலர் சொல்வர், அஃது உண்மையன்று. அவ்வழக்கு அதற்கும் பல்லாண்டு முந்தியது. குறிப்பேட்டில் எழுதியவர் அதனை அறிந்தே நகையாடியிருக்கிறார். கொள்ளத்தக்கது குறிப்பேட்டு வழக்கமே. திரையில் தோன்றும் பிழைச்செய்தியை உள்ளவாறே ஒரு தாளில் எழுதுக. அல்லது கைப்பேசியாற் படம் எடுத்து வைக்க. 'ஏதோ ஆங்கிலத்தில் வந்தது, மூடிவிட்டேன்' என்பவர்க்கு உதவ எவராலும் இயலாது.

இனி உறுப்புகளுக்கு வருவோமாயின், முதலில் மின். உயிரே இல்லாத பொறிக்குச் செருகுவாயை வேறு விளக்கால் ஆய்தலும், வேறு வடத்தால் ஆய்தலும் முதற்பணி. மடிக்கணினியாயின் மின்வடத்தைக் கழற்றி, மின்கலம் வெளியே எடுக்கத்தக்கதாயின் அதனையும் எடுத்து, இயக்கப் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடித்துப் பின் வடத்தை மட்டும் செருகி எழுப்புக. உள்ளே தங்கிய மின்னேற்றம் வடிந்து, உறைந்துபோன மின்சுற்று விடுபடுவதால் எழும் பொறிகள் பல. பெட்டிக் கணிப்பொறியின் மின்வழங்கியை மட்டும் எவரும் திறத்தல் கூடாது; வடத்தைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் உள்ள மின்தேக்கிகள் உயிரை வாங்குமளவு மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அது பழுதாயின் முழுமையாய் மாற்றுவதே முறை.

காசு மின்கலத்தின் கதை சற்று விரித்துரைக்கத் தக்கது. நோய் ஓரிடத்திலும் நோவு வேறிடத்திலும் தோன்றுவதற்கு அதனினும் நல்ல சான்று இல்லை. தாய்ப்பலகையில் காசு வடிவில் 3 வோல்ட்டு மின்கலம் ஒன்று பதிந்திருக்கும். அதன்மேல் 2032 என்னும் எண் காணப்படும். 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்பதே அவ்வெண்ணின் பொருள். பொறி அணைந்து கிடக்கும்போதும் நாளையும் பொழுதையும் எண்ணிக்கொண்டிருக்க அது மின் தருகிறது. சில ஆண்டுகளில் அது தீரும். தீர்ந்தபின் பொறி ஒவ்வொரு முறை எழும்போதும் என்றோ கழிந்துபோன ஓர் ஆண்டின் நாளைக் காட்டும்.

அதனால் என்ன கேடு என்று தோன்றலாம். வைப்பகத்தின் வலைத்தளத்தைத் திறந்தால் 'இவ்விணைப்புப் பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வரும். அஞ்சலும் திறவாது, எத்தளமும் திறவாது. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழை நீட்டும். அதில் செல்லுபடியாகும் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும். பொறி பத்தாண்டு பின்தங்கிய நாளில் நிற்பதால், 'இச்சான்றிதழின் நாள் இன்னும் தொடங்கவில்லையே' என்று மறுத்துவிடுகிறது. பொறியுடையவர் இணைய நிறுவனத்தோடு வழக்காடுகிறார். நச்சுநிரல் புகுந்ததென அஞ்சி வன்தட்டையே துடைக்கிறார். துடைத்தபின்னும் எச்சரிக்கை அவ்வாறே நிற்கிறது. குறைக்கு மருந்து சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு மின்கலம். திரையின் மூலையில் நாளைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெளிந்திருக்கும். பழைய மின்கலத்தை எடுத்தபின் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க. அதனை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழலை ஓரிரு மணிப்பொழுதிற்குள் அது அரித்துவிடும்.

நினைவகம் நெகிழ்ந்தால் பெட்டிக் கணிப்பொறிகள் பல, படம் காட்டுவதற்கு முன்பே, விட்டு விட்டுக் கூவும். எத்தனை கூவல், நெடிலா குறிலா என்பதற்கும் பொருள் உண்டு; அது பலகைக்குப் பலகை வேறுபடும். பொறியை அணைத்து, வடம் நீக்கி, வெற்று மாழைப் பகுதி ஒன்றைத் தொட்டு உடலில் தங்கிய மின்னேற்றத்தைப் போக்கியபின், நினைவகச் சட்டத்தைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய அழிப்பானால் இலேசாகத் துடைத்து, துகளை ஊதாமல் தூரிகையால் நீக்கி, இருபுறத்துக் கொக்கியும் பற்றும் ஓசை கேட்குமாறு பொருத்துக. வாயால் ஊதின் எச்சில் ஈரம் படியும். சட்டங்கள் இரண்டாயின் ஒன்றை மட்டும் இட்டு எழுப்பிப் பார்த்தல் முன்சொன்ன பகுத்தல் முறையே.

எழுந்து நன்றாய் ஓடிப் பத்து மணித்துளி கழித்துத் தானே அணையும் பொறிக்கு நோய் பெரும்பாலும் வெப்பம். செயலி தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது. விசிறியையும் வெப்பம் போக்கும் தகடுகளையும் தூரிகையால் துப்புரவாக்குக. காற்றடித்து ஊதும்போது விசிறியின் இதழை ஒரு குச்சியால் தடுத்துப் பிடிக்க, அன்றேல் அளவிறந்து சுழன்று அச்சு தேயும். மெத்தைமேல் வைத்து மடிக்கணினியை இயக்குவது மூச்சுத்துளையைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

வன்தட்டின் பழுது ஏனையவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதன்று. பலகை போனால் பலகை வாங்கலாம். வன்தட்டோடு போவன பல்லாண்டு தொகுத்த சொற்றொகுப்பாக இருக்கலாம். அச்சேறாத நூலாக இருக்கலாம். மறைந்த தாயின் ஒரே குரற்பதிவாக இருக்கலாம். சுழலும் வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரே சீராய்த் தட்டும் ஒலி கேட்டால், படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கிறது என்று கொள்க. அந்நிலையில் தட்டைச் செப்பனிடும் மென்பொருளை ஓட்டுதல் பெருந்தவறு. தட்டின் ஒவ்வொரு மூலையையும் அது தேய்த்துப் படிக்க முயலும். எஞ்சிய உயிரும் அதிலே போகும். ஒலி கேட்ட அப்பொழுதே அணைத்து, மீட்புத் தொழில் அறிந்தவரிடம் ஒப்படைத்தலே வழி. ஒலியில்லை, வேகம் மட்டும் குறைந்து கோப்புகள் திறக்கத் திணறுகின்றன என்றால், வேறெவ்வாய்வும் தொடங்குமுன் இன்றியமையாத கோப்புகளை வேறொரு தட்டிற்குப் படியெடுக்க. நோய் நாடுதல் அதற்குப் பின்.

இனி இயக்கி. விண்டோசில் தொடக்கப் பொத்தான்மேல் சுட்டியின் வலப்புறத்தை அழுத்தினால் தோன்றும் பட்டியலில் 'டிவைசு மேனேசர்' என்று ஒன்று இருக்கும். பொறியின் எல்லா உறுப்புகளும் அதில் வரிசையாய் நிற்கும்; குறையுள்ள உறுப்பின்மேல் மஞ்சட் குறி காணும். அதனைத் திறந்தால் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண்ணைத்தான் பலரும் படிப்பதில்லை. 22 என்றால் உறுப்பு முடக்கி வைக்கப்பட்டது. மீண்டும் இயக்கச் சொன்னாற் போதும். 28 என்றால் இயக்கி நிறுவப்படவில்லை. 10 என்றால் உறுப்பைத் தொடங்க இயலவில்லை. 43 என்றால் உறுப்பே தனக்குக் குறையுண்டு என்று அறிவித்தது. முன்னிரண்டும் ஐயத்திற்கு இடமற்றவை. பின்னிரண்டும் வன்பொருளின் குறையாகவும் இருக்கலாம், இயக்கியின் குறையாகவும் இருக்கலாம். அங்கே மீண்டும் பகுத்தல் வேண்டும்.

அதற்கு எளிய வழி, இலினக்சு இயங்குதளத்தை ஒரு விரற்குச்சியில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல், அக்குச்சியிலிருந்தே பொறியை எழுப்புவது. விண்டோசில் ஊமையாயிருந்த கம்பியில்லா இணைப்பு ஆண்டுப் பேசுமாயின், வன்பொருள் நலம். குறை விண்டோசு இயக்கியில். பேசவில்லையாயின் ஐயம் வன்பொருள் பக்கம் சாயும். ஆயினும் முடிவு கட்டலாகாது, சில விரற்பதிவு உணரிகளுக்கும் சில கம்பியில்லாச் சில்லுகளுக்கும் இலினக்சில் இயக்கியே இல்லை.

இயக்கி இல்லை என்று தெரிந்தபின் எவ்வியக்கியைத் தேடுவது? உறுப்பின் பெயரே 'அறியப்படாத கருவி' என்றிருக்கும். அதன் விளக்கப் பக்கத்தில் 'ஆர்டுவேர் ஐடி' என்னும் வரியைப் பார்க்க. செய்த நிறுவனத்துக்கு நான்கிலக்க எண் ஒன்றும், உறுப்பிற்கு நான்கிலக்க எண் ஒன்றும் அதில் இருக்கும். இண்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரையே தனக்கு எண்ணாய்க் கொண்டது. அவ்விரு எண்ணையும் கொண்டு தேடினால் உறுப்பின் உண்மைப் பெயர் தெரியும். இயக்கியை அவ்வுறுப்பையோ பொறியையோ செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுக. 'உங்கள் கணிப்பொறியில் 37 இயக்கிகள் பழையன' என்று மிரட்டும் விளம்பரங்களும், தொலைப்பேசி எண் காட்டி அழைக்கச் சொல்லும் செந்திரைகளும் வழிப்பறியே. நன்றாய் ஓடும் பொறிக்குப் புது இயக்கி தேடுவது, நோயிலாதான் மருந்துண்பது போன்றது.

நேற்றுவரை ஓடிய உறுப்பு புதுப்பித்தபின் ஊமையாயின், 'ரோல் பேக்கு டிரைவர்' என்னும் பொத்தான் பழைய இயக்கிக்கு மீட்டுச் செல்லும். பொறியே எழாமல் நீலத்திரையில் நின்றால் (நெடுங்காலம் நீலமாயிருந்த அத்திரை விண்டோசு 11இல் 2025இல் கறுப்பாக்கப்பட்டது) காப்புநிலையில் எழுப்புக. 'சேப் மோடு' எனப்படும் அந்நிலையில் அடிப்படை இயக்கிகள் மட்டுமே ஏறும். உள்நுழையும் திரையளவேனும் வந்தால், 'சிப்டு' விசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கம் கொடுத்தால் அதற்கான பட்டியல் வரும். காப்புநிலையில் அமைதியாய் ஓடும் பொறி இயல்புநிலையில் விழுமாயின், கள்வன் விலக்கப்பட்ட இயக்கிகளுள்தான் ஒளிந்திருக்கிறான்.

ஓர் இயக்கியின் பிழை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை 2024ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் உலகம் கண்டது. கிரவுடுசுட்டிரைக் என்னும் நிறுவனத்தின் காப்பு மென்பொருள், இயக்கியாய்ப் பொறியின் உள்ளகத்தே ஏறி நிற்பது. அந்நாள் அனுப்பப்பட்ட சிறு கோப்பொன்று 21ஆவது உள்ளீடு ஒன்றைக் கேட்டது; மென்பொருள் தந்ததோ 20 மட்டுமே. இல்லாத ஒன்றைப் படிக்கப் புகுந்து இயக்கி இடறிற்று; உள்ளகத்தில் இடறியதால் பொறியே விழுந்தது. எழுப்பினால் மீண்டும் அதே கோப்பைப் படித்து மீண்டும் விழுந்தது. மைக்ரோசாப்டின் கணக்குப்படி வீழ்ந்தவை ஏறத்தாழ 85 நூறாயிரம் பொறிகள். வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகள் திணறின, இந்திய வானூர்தி நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

மருந்து மிக எளியது: காப்புநிலையில் எழுப்பி, அவ்வொரு கோப்பை அழித்து, மறுபடி தொடங்குவது. வன்பொருள் ஒன்றும் கெடவில்லை. ஆனால் எழாத பொறிக்குத் தொலைவிலிருந்து ஆணை அனுப்பவியலாதாகலின், பல்லாயிரம் பொறிகளின்முன் ஒவ்வொன்றாய் மாந்தர் சென்று அமரவேண்டியதாயிற்று. அமர்ந்தபின் இன்னொரு பூட்டு. வன்தட்டு மறைக்குறியாக்கப்பட்டிருந்ததால், 48 இலக்க மீட்புத் திறவெண் கேட்டது பொறி. அவ்வெண்களைச் சேர்த்து வைத்திருந்த கணிப்பொறியும் சில இடங்களில் வீழ்ந்து கிடந்தது! இன்று விற்கும் விண்டோசு மடிக்கணினிகள் பல, உடையவர் அறியாமலே அம்மறைக்குறியாக்கத்தை இயக்கிவிடுகின்றன. பழுதுபார்க்கத் தொடங்கி உள்ளமைப்பை மாற்றினால் அத்திறவெண்ணை அவை கேட்கும். பொறி நலமாய் உள்ளபோதே அதனைக் கண்டெடுத்துத் தாளில் எழுதிப் பெட்டியில் வைக்க. அவ்வெண் இல்லையேல் தட்டு நலமாயிருந்தும் அதிலுள்ளவை இல்லாதவையே.

வன்பொருள் நலமாயிருந்தும் இயக்கியின்றி இறக்கும் கருவிகளும் உண்டு. அச்சுப்பொறியின் நிறுவனம், புதிய இயங்குதளத்திற்கு இயக்கி எழுதித் தர மறுத்தால் போதும். மை தோய்ந்து நிற்கும் பொறி பழம்பொருட் கடைக்குப் போகும். 32 துணுக்கு இயக்கி 64 துணுக்கு விண்டோசில் ஓடாதாகலின் அவ்வாறு எறியப்பட்டவை மிகப்பல. இயக்கியின் மூலநிரலை நிறுவனம் மறைத்து வைப்பதே இதற்கு அடி.

1980ஐ ஒட்டி, அமெரிக்க மாசச்சூசெட்சு தொழில்நுட்பப் பயிலகத்தில் இதே வினாவை ஒருவர் எதிர்கொண்டார். ஆய்வகத்தின் பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போர் திரையில் செய்தி தோன்றுமாறு ரிச்சர்டு இசுட்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிதாய் வந்த செராக்சு அச்சுப்பொறியிலும் தாள் சிக்கிற்று, மூலநிரலோ தரப்படவில்லை. மூலநிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரை அணுகினார். எவர்க்கும் தருவதில்லை என்று வாக்களித்துள்ளதாய்ச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983இல் இசுட்டால்மன் கட்டற்ற மென்பொருளாலாய இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாய் அறிவித்தார். 1991இல் இலினசு தொர்வால்டு தொடங்கிய இலினக்சு உள்ளகம் அதனோடு இணைந்தது. நிறுவனம் கைவிட்ட பழங்கருவிகள் பலவற்றிற்கு இன்றும் இலினக்சில் இயக்கி கிடைப்பதற்கு அம்மூலநிரல் திறந்து கிடப்பதே கரணியம்.

விண்டோசு 10க்கு வழங்கிய இயல்பான காப்புத் திருத்தங்கள் 2025 அக்தோபர் 14உடன் நின்றன. விண்டோசு 11 ஏற்க மறுக்கும் பழம்பொறிகளை எறிந்துவிடச் சொல்வோர் மிகுதி. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையில்லாது வழங்கிய மடிக்கணினிகளுள் பரண்மேற் கிடப்பன பலவாகலாம். அவற்றை எறியுமுன், நினைவகத்தைத் துடைத்து, தட்டை ஆய்ந்து, இலினக்சை விரற்குச்சியில் ஏற்றி ஒருமுறை எழுப்பிப் பார்த்தல் தகும். எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் அவை இன்னும் பயன்படக்கூடும்.

தமிழ்க் கோப்பு கட்டங்களாயும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாயும் தோன்றுவதைப் பொறியின் பழுதெனக் கருதிக் கடைக்குத் தூக்கிச் செல்வார் உளர். அது வன்பொருட் குறையுமன்று, இயக்கிக் குறையுமன்று. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தமிழெழுத்துக்குத் தன் விருப்பம்போல் எண் தந்தது. அந்நாளிற் தட்டெழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறப்பின் எழுத்து உருமாறும். பழைய எழுத்துருவை நிறுவுக, அல்லது ஒருங்குறிக்கு மாற்றும் நிரலில் இடுக. தட்டைத் துடைக்க வேண்டா.

இவ்வளவும் செய்தபின்னும் குறை எஞ்சின் பொறி கடைக்குப் போகட்டும். போகுமுன் கோப்புகளைப் படியெடுக்க. நினைவகத்தின் அளவும், வன்தட்டின் மேலுள்ள வரிசை எண்ணும் ஒரு தாளில் எழுதி, படியொன்றைக் கடையில் கொடுத்து ஒப்பம் பெறுக. செய்த ஆய்வுகளையும் அத்தாளில் குறிக்க: வேறு திரையில் படம் வந்தது, வேறு வடத்திலும் குறை நின்றது, காப்புநிலையில் ஓடியது. மாற்றிய உறுப்பு எதுவாயினும் பழையதைத் திருப்பித் தரவேண்டும் என்று முன்னரே சொல்லிவிடுக.